டீ கெட்டிலில் வெந்த தெர்மாஸ்டேட்

போன மாதம் கேத்தியிலிருந்து கேரட் லோடு அடிக்கிற பிக்கப்காரர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் செல்போன். அதற்குள் யாரோ ஒருவர் இந்தியில் பேசிக்கொண்டே ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மணியண்ணா, இந்த எழுவத்தொண்ணு டிகிரி தெர்மாஸ்டேட்டு போட்டா இன்ஜின் ஜில்லுனு இருக்குமாமா? மேடு ஏறயில சூட்டு ஊசி மேலயே போகாதாமா?"

"ஜில்லுனு இருக்கோணும்னா வண்டிய எடுக்காம ஷெட்டுலயே நிறுத்திப் போடுங்க. ஒரு செலவும் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு வீட்டிலேயே யாரும் சிரிப்பதில்லை, வெளியாளைக் குறை சொல்வானேன். கடைசியில், "நம்ம மேட்டுக்கு எண்பத்திரண்டு போடுங்க, ரேடியேட்டர் மூடியையும் புதுசா மாத்துங்க" என்று சொல்லி அனுப்பினேன். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, "அது ஏனுங்க எண்பத்திரண்டு? எண்பத்தெட்டுன்னுதான வண்டியில வருது?" என்றார். அந்தக் கேள்விக்கு நின்றபடி பதில் சொல்ல முடியாது. உட்கார வைத்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இத அப்படியே எழுதி எங்க டிரைவர் சங்க மலருக்குக் குடுங்க" என்றார். ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன் நான். மூன்றாவது வருஷமும் உட்காரப் போனபோது வாத்தியாரே பரிதாபப்பட்டு வெளியே அனுப்பிவிட்டார். அதனால் எழுத்தில் கோளாறு இருந்தால் அவரைக் கேளுங்கள்.

வேலை பழகியது மேட்டுப்பாளையத்தில், ஒரு லாரி பட்டறையில். முதல் வருஷம் நட்டுப் பொறுக்கினேன். இரண்டாம் வருஷம் நட்டுக் கழற்றினேன். மூன்றாம் வருஷம் கழற்றிய நட்டை எங்கே வைத்தேன் என்று தேடினேன். ஆறு வருஷ முடிவில் நான் மெக்கானிக் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வேறு யாரும் அதைச் செய்கிற மாதிரி தெரியவில்லை.

அங்கே தெர்மாஸ்டேட்டைப் பற்றி இரண்டே இரண்டு விஷயம் கற்றேன். அதற்கு முன்னால் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற வழியில், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்னக் கதவு. நடுவில் ஒரு பித்தளைக் குப்பி, குப்பிக்குள் மெழுகு. காலையில் இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது கதவு மூடியிருக்கும். தண்ணீர் வெளியே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடாகும். சூடு ஏறினால் மெழுகு விரிந்து கதவைத் தள்ளும், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறி வரும். கதவு எந்தச் சூட்டில் திறக்க ஆரம்பிக்கும் என்ற எண் அதன் ஓரத்தில் குத்தியிருக்கும். எண்பத்தெட்டு என்றால் எண்பத்தெட்டு டிகிரி. முழுசாகத் திறக்க அதற்கு மேலும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வேண்டும்.

பட்டறையில் கற்ற முதல் விஷயம்: நல்லதா கெட்டதா என்று பார்க்க, கொதிக்கிற தண்ணீரில் போடு. வாய் நன்றாகத் திறந்தால் நல்லது. இரண்டாவது: சந்தேகமாக இருந்தால் கழற்றி எறி. மேட்டுப்பாளையம் வெயிலுக்கு அது இல்லாமலேயே பாதி வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு மலையேறினேன். குன்னூருக்கு மேலே, ஊட்டிப் பக்கமாக ஒரு டீ எஸ்டேட்டில் வண்டி மெக்கானிக் வேலை. ரிட்டயர் ஆகிறவரை அங்கேதான் இருந்தேன். வேறு யாரும் கூப்பிடவில்லை.

எனக்கு மேலே ஃபோர்மேன் வரதன் சார். அருவங்காட்டுக்காரர். அவருடைய அப்பா அங்கே வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் பிறந்து, சங்குச் சத்தத்துக்குச் சாப்பிட்டு, சங்குச் சத்தத்துக்குத் தூங்கி வளர்ந்தவர். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. குரல் உயராது. ஆனால் எதைச் சொன்னாலும் ஒரே வார்த்தைதான் கேட்பார்: "எத்தனை?"

"சார், பெல்ட் லூசா இருக்குங்க."

"எத்தனை?"

"அதுங்க... லூசுங்க."

"மணி, லூசுன்னு சொல்றது கருத்து. அரை இஞ்சுன்னு சொல்றதுதான் வேலை. போய் அளந்துட்டு வா."

இப்படி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: "வண்டி செஞ்சவன் வெச்ச எந்தப் பொருளையும் என்னைக் கேக்காம கழட்டக் கூடாது." நான் "சரிங்க" என்பேன். சரிங்க சொல்வதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

எஸ்டேட்டில் கொழுந்து ஏற்ற ஒரு டீசல் பிக்கப் இருந்தது. கீழ்க்காட்டில் பெண்கள் பறித்த கொழுந்தை மூட்டையாக நிறுத்து, மேலே இருக்கிற ஃபேக்டரிக்குக் கொண்டுவர வேண்டும். கடைசி மூன்று கிலோமீட்டர் ஒரே மேடு. வழியில் நின்றுவிட்டால் மூட்டைக்குள் கொழுந்து தானாகச் சூடேறிச் சிவந்துபோகும், டீ தூளுக்கு உதவாது. அந்த வண்டியின் டிரைவர் ராமையா அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயசில் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்து, இந்த எஸ்டேட் லயத்தில் குடியேறியவர். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டின தொழிலாளர் வீடுகள். வேலை இருக்கிறவரை வீடு. மனைவி பாக்கியம் அக்கா அதே காட்டில் கொழுந்து பறித்தார்.

ஒரு நாள் ராமையா அண்ணன் ஆவி பறக்கிற பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"தம்பி, மூணாவது வளைவுக்கு வந்தா ஊசி செவப்புக்குப் போயிருது. இன்னைக்கு அரை மணி நேரம் நிப்பாட்டி வச்சிருந்தேன். கங்காணி என்னெ பாக்கிற பார்வையே சரியில்லை."

நான் தெர்மாஸ்டேட்டைக் கழற்றினேன். எண்பத்தெட்டு. பட்டறை ஹீட்டரில் எங்கள் டீ கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள்ளேயே போட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, கதவு ஒரு தீக்குச்சித் தலை நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்து நிற்கிறது. மேட்டுப்பாளையத்தில் இதே தண்ணீரில் போட்டால் சுண்டுவிரலே நுழையும். "இது போச்சு" என்று தீர்ப்புச் சொன்னேன். (அன்றைக்கு அதே கெட்டிலில் போட்ட டீயைக் குடித்துவிட்டு, இன்று டீ நல்ல திக்காக இருக்கிறது என்று ஸ்டோர் கிளார்க் பாராட்டினார்.)

குன்னூரில் ஸ்பேர் கடைக்குப் போய்ப் புதுசு வாங்கினேன். கெட்டிலில் போட்டேன். அதே தீக்குச்சித் தலை. திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை போட்டு இன்னொன்று வாங்கினேன். அதுவும் அப்படியே. மூன்றாவது தடவை போனபோது கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மணியண்ணா, கோயமுத்தூர் வரைக்கும் இதே சரக்குத்தானுங்க போகுது. ஒருத்தரும் வாயத் தொறக்கல."

"உங்க சரக்கும்தானுங்க வாயத் தொறக்க மாட்டீங்குது."

"அதுக்கும் சேத்து நீங்களே தொறக்கறீங்களே, அப்புறமென்னங்க?"

கோபத்தோடு வந்து சேர்ந்தேன். எல்லாமே டூப்ளிகேட் என்று முடிவு. சந்தேகமாக இருந்தால் கழற்றி எறி என்பதுதானே பட்டறைப் பாடம். வரதன் சார் லீவில் இருந்த நாளாகப் பார்த்து, தெர்மாஸ்டேட் இல்லாமலேயே அது உட்காருகிற கூட்டின் மேல்மூடியை வைத்து இரண்டு போல்ட்டையும் இறுக்கினேன். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ராமையா அண்ணனிடம், "புதுசு போட்டாச்சுங்கண்ணா" என்றேன்.

மறுநாளிலிருந்து வண்டி கொதிக்கவில்லை. எவ்வளவு லோடு ஏற்றினாலும் ஊசி கீழேயே படுத்துக் கிடந்தது. எஸ்டேட் மேனேஜர் துரை ஷெட்டுக்கு வந்து என் தோளில் தட்டினார். துரை வெளி மாநிலத்துக்காரர், தமிழ் கொஞ்சம் தடுக்கும். "மணி, வெரி குட். நீ டாக்டர்" என்றார். அன்று முதல் எனக்கு டாக்டர் என்று பெயர். நானும் ஒரு வாரம் சட்டை மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

பனிக்காலம் வந்தது. விடியற்காலையில் புல் மேல் உப்புக் கொட்டினமாதிரி உறைபனி. ஒரு நாள் பெரட்டு நடந்துகொண்டிருந்தது. பெரட்டு என்றால் காலையில் எல்லாரையும் களத்தில் நிற்க வைத்து, பெயர் கூப்பிட்டு, வேலை பிரிக்கிற நேரம். துரை கையில் பிக்கப்பின் லாக் புத்தகம்.

"ராமையா, இங்க வா. போன சீசன்ல லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர். இப்ப எட்டரை. அதே ரோடு, அதே லோடு. டீசல் எங்க போகுது?"

"எனக்குத் தெரியாதுங்க தொரை. ஊத்துற டீசல் பூராவும் வண்டியிலேதான் ஓடுது."

"பொய். நீ திருடன். எல்லாரும் கேட்டுக்கோ, இவன் டீசல் திருடன். சாவிய வை."

இருநூறு பேர் நிற்கிற களம். பாக்கியம் அக்கா மூன்றாவது வரிசையில் நின்றார். ராமையா அண்ணன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் துரையின் மேஜையில் வைத்தார். பிக்கப்பை ஷெட்டில் பூட்டினார்கள். கொழுந்து டிராக்டரில் போனது. அவரைக் கவ்வாத்து வேலைக்குப் போட்டார்கள். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் கழிக்கிற வேலை, கை கொப்பளிக்கும். அடுத்த வாரத்துக்கு அடுத்த சனிக்கிழமை விசாரணை. திருட்டு என்று தீர்ந்தால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும்.

நானும் களத்தின் ஓரத்தில் நின்று கேட்டேன். அட, ராமையா அண்ணனா இப்படி என்று உச்சுக்கொட்டினேன். அவ்வளவு புத்திசாலி நான்.

ஒரு வாரம் கழித்து வரதன் சார், "டாங்க்ல, பைப்புல எங்கயாவது லீக் இருக்கான்னு பார் மணி. விசாரணைக்கு முன்னால அதையும் பாத்துடணும்" என்றார். ஷெட்டைத் திறந்து வண்டியை ஸ்டார்ட் செய்தேன். லீக் இல்லை. இன்ஜினை ஓடவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தேன். பின்னால் வெள்ளைப் புகை நிற்கவே இல்லை. ஊசி அசையவில்லை. ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸைத் தொட்டேன். கன்றுக்குட்டி மூக்கு மாதிரி ஜில்லென்று இருந்தது. இன்ஜினில் பிறக்கிற கொஞ்சச் சூட்டையும் ரேடியேட்டர் அப்போதைக்கு அப்போதே பனிக்காற்றில் கொட்டிக்கொண்டிருக்கிறது. குளிர்ந்த இன்ஜினில் டீசல் சரியாக எரியாது. எரியாததைப் புகையாகத் துப்பிவிட்டு இன்னும் கேட்கும். லிட்டருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் எங்கே போனது என்று அந்த ஹோஸைப் பிடித்துக்கொண்டே புரிந்தது. திருடன் ஷெட்டுக்குள்தான் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குத் துரை டாக்டர் என்று பெயர் வைத்திருந்தார்.

வரதன் சாரிடம் போய், "லீக் இல்லீங்க" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. சொன்னால் என் வேலை போகும் என்ற பயம் பாதி. டாக்டர் பட்டம் போகும் என்ற வெட்கம் மீதிப் பாதி. உண்மையைச் சொன்னால் இந்தப் பாதிதான் பெரிசு. விசாரணையில் ராமையா அண்ணனை எப்படியும் விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று நாள் அப்படிச் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் பாக்கியம் அக்கா பட்டறை வாசலில் வந்து நின்றார். முதுகில் கொழுந்துக் கூடை.

"தம்பி, ஸ்பேர் சாமான் வர்ற அட்டைப் பொட்டி ஏதும் கெடக்கா? பெருசா இருந்தா ரெண்டு குடுங்களேன்."

"எதுக்குங்கக்கா?"

"சட்டி பானை கட்டி வைக்கத்தான். சனிக்கிழமை தீர்ப்பு எப்படியும் எங்க பக்கம் வராதுன்னு அவரு சொல்றாரு. கடைசி நேரத்திலே அள்ளிக்கிட்டு ஓட ஏலாது. அவங்க அம்மா கப்பலுக்கு வந்தப்ப அம்மிக்கல்லெ விட்டுட்டு வந்துட்டாங்களாம், சாகிற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நாங்க இந்தத் தடவை நிதானமா கட்டிக்கிட்டுப் போறோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கடைக்குப் போகப் பை கேட்கிற மாதிரிக் கேட்டார். நான் உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கினேன். கையிலெடுத்த பெட்டியை அவரிடம் கொடுக்க முடியவில்லை. "நாளைக்கு வாங்கக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டு, நேராக வரதன் சார் ரூமுக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"கழட்டி எத்தனை நாளாச்சு?"

"நாப்பதுங்க."

"அதனாலதான்னு தெரிஞ்சு எத்தனை நாளாச்சு?"

அந்த இரண்டாவது கேள்வியை அவர் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. "மூணுங்க" என்றேன். இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதினார். என்னை உட்காரச் சொன்னார். அந்த ரூமில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நீ சொன்னா தொரை நம்ப மாட்டாரு. டிரைவரைக் காப்பாத்த மெக்கானிக் கதை கட்டறான்னு சொல்லுவாரு. அளந்து காட்டணும். நல்ல தெர்மாஸ்டேட் மூணையும் ஏன் கெட்டுப்போச்சுன்ன, முதல்ல அதுலேருந்து ஆரம்பி. எப்படிப் பார்த்த?"

கெட்டிலைக் கொண்டுவந்து காட்டினேன். தெர்மாஸ்டேட்டை உள்ளே தொப்பென்று போடப் போனேன். கையைப் பிடித்தார். ஒரு நூலை எடுத்து அதன் காதில் கட்டி, கெட்டில் அடியில் படாமல் தண்ணீரின் நடுவே தொங்கவிட்டார். அடித்தகடு தண்ணீரைவிடச் சூடாக இருக்குமாம், அதில் பட்டால் பொய் சொல்லுமாம். பக்கத்தில், ஃபேக்டரியில் டீ தூள் காயவைக்கிற டிரையருக்கு வைத்திருந்த தெர்மாமீட்டரை அதே ஆழத்தில் பிடித்தார்.

தண்ணீர் கொதித்தது.

"எத்தனை?"

"நூறுங்க."

"பார்த்துச் சொல்லு."

குனிந்து பார்த்தேன். "தொண்ணூத்தி மூணுங்க. சார், இந்தத் தெர்மாமீட்டர் அவுட்டுங்க."

இன்னொரு தெர்மாமீட்டரை எடுத்துக் கொடுத்தார். அதுவும் தொண்ணூற்று மூன்று. "இதுவும் டூப்ளிகேட்டுங்க" என்றேன்.

"தெர்மாஸ்டேட் மூணு டூப்ளிகேட், தெர்மாமீட்டர் ரெண்டு டூப்ளிகேட். மணி, மொத்தம் அஞ்சு பேரும் பொய் சொல்றாங்க, நீ ஒருத்தன்தான் நிஜம். அப்படித்தானே?"

அப்போதுதான் விளங்கச் சொன்னார். மேலே போகப்போகக் காற்று அழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். மேட்டுப்பாளையத்தில் கொதிக்கிற தண்ணீர் நூறு டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும்; எங்கள் எஸ்டேட்டில் தொண்ணூற்று மூன்று. அதற்குமேல் அடுப்பை எவ்வளவு எரித்தாலும் ஏறாது. எண்பத்தெட்டில் திறக்க ஆரம்பிக்கிற கதவு தொண்ணூற்று மூன்றில் தீக்குச்சித் தலை அளவுதான் திறக்கும். மூன்றும் நல்ல சரக்கு. டூல் பெட்டியோடு கீழேயிருந்த கொதிதண்ணீரையும் நான் மனசுக்குள் சுமந்துகொண்டு மலையேறியிருக்கிறேன்.

"அப்ப வண்டி ஏனுங்க கொதிச்சுது?"

ரேடியேட்டர் மூடியைக் கழற்றி வரச் சொன்னார். மூடியின் அடி ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. மூடி இறுக்கமாக இருந்தால் உள்ளே அழுத்தம் நின்று, தண்ணீர் நூறைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி போனால் ரேடியேட்டரும் என் டீ கெட்டிலும் ஒன்றுதான். கதவு நன்றாகத் திறப்பதற்கு முன்னாலேயே தொண்ணூற்று மூன்றில் கொதித்துக் கொட்டிவிடும்.

மூன்று எண்ணில் தெர்மாஸ்டேட் வரவழைத்து மேஜையில் வரிசையாக வைத்தார்: எழுபத்தாறு, எண்பத்திரண்டு, எண்பத்தெட்டு.

"எது போடலாம்?"

"இருக்கறதுலயே கம்மியா எழுவத்தாறுங்க. சூடே ஏறாதுங்களே."

"தெர்மாஸ்டேட் சூட்டைக் குறைக்காது மணி. எவ்வளவு சூட்டுக்குக் கீழ போகக் கூடாதுன்னுதான் அது பாக்கும். மேட்டுல கொதிக்காமப் பாக்கறது ரேடியேட்டர், ஃபேன், மூடி. எழுபத்தாறு போட்டா இந்தக் குளிருக்கு இன்ஜின் பாதி நாள் அரைச் சூட்டுலயே ஓடும். நீ கழட்டி எறிஞ்சதுல பாதித் தப்பை மறுபடி செய்யறோம்னு அர்த்தம்."

"அப்ப எண்பத்தெட்டேங்களா?"

"மூடி நல்லா இருந்தா எண்பத்தெட்டும் சரிதான். ஆனா நம்ம வண்டியில மூடி ஒரு நாள் போகும், போனது யாருக்கும் தெரியாது. அப்பவும் தொண்ணூத்தி மூணுக்குள்ள கதவு முக்காவாசியாவது திறக்கணும். அதுக்கு?"

நூலில் கட்டி எண்பத்திரண்டைத் தொங்கவிட்டோம். எண்பத்திரண்டில் மெல்ல வாய் பிரிந்தது. தண்ணீர் கொதிக்கும்போது என் சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவு திறந்திருந்தது. நான் சும்மா இருக்காமல் விரலை விட்டே பார்த்தேன். தொண்ணூற்று மூன்று டிகிரியும் நன்றாகவே சுடும் என்பது அன்று நான் தனியாகக் கண்டுபிடித்தது.

அப்புறம்தான் வரதன் சார் துரையிடம் போனார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. துரையின் குரல் மட்டும் இரண்டு தடவை உயர்ந்தது. மறுநாள் காலை வரதன் சார் பிக்கப்பின் டாங்க்கைத் துண்டித்து, அளந்து ஊற்றின ஒரு கேன் டீசலில் ஓடும்படி வைத்தார். மணல் மூட்டை ஏற்றினார். தெர்மாஸ்டேட் இல்லாமல் அவரே ஓட்டினார், துரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேன் தீர்ந்த இடத்தில் கிலோமீட்டரைப் பார்த்தார்கள். அடுத்த நாள் காலை அதே நேரம், அதே ரோடு, அதே மணல், அதே அளவு டீசல். புது மூடி, எண்பத்திரண்டு தெர்மாஸ்டேட். முதல் நாள் லிட்டருக்கு எட்டரைக்குக் கொஞ்சம் கீழே. இரண்டாம் நாள் பத்து.

துரை வண்டியிலிருந்து இறங்கினார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "சரி. விசாரணை கேன்சல். நாளைக்கு அவனை வண்டி எடுக்கச் சொல்லு" என்றார்.

வரதன் சார் நகரவில்லை. "சார், பெரட்டுல சொன்னதைப் பெரட்டுலதான் எடுக்கணும்."

துரை என்னைப் பார்த்தார். "இவன் சொல்வான்."

மறுநாள் பெரட்டு. கையில் பழைய எண்பத்தெட்டு தெர்மாஸ்டேட்டோடு இருநூறு பேருக்கு முன்னால் நின்றேன். மேடைப் பேச்சு எனக்குக் கஷ்டமில்லை என்று நினைத்திருந்தேன். தெர்மாஸ்டேட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. இதுக்குப் பேரு தெர்மாஸ்டேட்டுங்க. இது கெட்டுப்போச்சுன்னு நான் வண்டியிலிருந்து கழட்டிப்போட்டனுங்க. இது கெடலீங்க, நான்தான் கெட்டிருந்தனுங்க. இது இல்லாததாலதான் டீசல் கூடக் குடிச்சுது. ராமையாண்ணன் ஒரு சொட்டும் எடுக்கலீங்க."

யாரோ ஒரு பெண், "ஏன் கெட்டுப்போச்சுன்னு நெனச்சீங்க?" என்று கேட்டார். இந்த ஊரில் தண்ணீர் தொண்ணூற்று மூன்றிலேயே கொதித்துவிடும், அது எனக்குத் தெரியாமல் போயிற்று என்றேன்.

பாக்கியம் அக்கா மூன்றாவது வரிசையிலிருந்து சொன்னார்: "ஏன் தம்பி, எவ்வளவு கொதிச்சாலும் இங்கெ பருப்பு வேகாதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியுமே. உங்க ஊட்டுலெ சோறே ஆக்குறதில்லையா?"

இருநூறு பேரும் சிரித்தார்கள். கங்காணி சிரித்தார். துரைக்குப் புரியாமல் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு அவரும் சிரித்தார். ராமையா அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

துரை சாவியை நீட்டினார். "ராமையா, வண்டிய எடு."

"எடுக்கிறேங்க தொரை. ஆனா என்னெ கள்ளன்னு சொன்னது மணித்தம்பி இல்லைங்களே."

சிரிப்பு நின்றது. துரை சாவியை நீட்டியபடியே நின்றார். எவ்வளவு நேரம் என்று வரதன் சார் வேண்டுமானால் அளந்திருப்பார். எனக்கு ஒரு பூ காய்த்துப் பழுக்கிற நேரம் போல இருந்தது. பிறகு துரை களத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"ராமையா டீசல் எடுக்கல. நான் சொன்னது தப்பு."

ராமையா அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் என்னை நோக்கி வந்தார். அறைவார் என்று நினைத்து, வசதியாக இருக்கட்டும் என்று கன்னத்தைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினேன். உள்ளங்கை இரண்டிலும் கவ்வாத்துக் கத்தியின் கொப்பளம் வெடித்துக் கறுத்திருந்தது.

"அண்ணா, ஒண்ணு மட்டும் அங்க சொல்லலீங்க. எனக்குத் தெரிஞ்சப்புறமும் மூணு நாள் சும்மா இருந்தனுங்க."

"எனக்கு அதுக்கு முந்தியே தெரியும்."

"என்னதுங்க?"

"காலையிலே குளிருக்கு இன்ஜின் போனட்டு மேலதான் கைய காய்ச்சுவேன். நீ புதுசு போட்டேன்னு சொன்ன நாள்லெ இருந்து போனட்டு சுடவே இல்லை. உள்ளுக்கு ஒண்ணும் இல்லைன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு."

"அப்ப ஏனுங்கண்ணா சொல்லல?"

"நான் சொன்னா? கள்ளன் மத்தவன் மேலெ பழியெ போடுறான்னு கதைப்பாங்க. நீ சொன்னாத்தான் எடுபடும். வருவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். மூணு நாள் பிந்தித்தான் வந்தே தம்பி."

கையிலிருந்த தெர்மாஸ்டேட்டைத் திருப்பித் திருப்பித் துடைத்தேன்.

"லீவு இருக்கா?" என்றார்.

"இருக்குங்க."

"மூணு நாள் எழுதிக் குடுத்துட்டு ஏறு வண்டியிலெ. மூட்டை தூக்க ஆளு பத்தலை."

எழுதிக் கொடுத்தேன். வரதன் சார் காரணம் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். மூன்று நாள், காலையிலிருந்து சாயங்காலம் வரை, கீழ்க்காட்டில் கொழுந்து மூட்டையை முதுகில் தூக்கி பிக்கப்பில் ஏற்றினேன். பனியில் நனைந்த கொழுந்து கல் மாதிரி கனத்தது. டாக்டர் மூட்டை தூக்குவதைப் பார்க்கவென்றே பெண்கள் நிறை பார்க்கும் இடத்தில் கூட்டம் போட்டார்கள். "டாக்டரே, மூட்டைக்கு மூச்சு வாங்குதா, உங்களுக்கா?" என்றார்கள். ராமையா அண்ணன் ஸ்டீரிங்கில் உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். மேடு ஏறும்போது ஊசி பாதியில் நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு மூட்டைதான் மிச்சம். குனிந்து அதன் ஒரு முனையைப் பிடித்தேன். தூக்கினபோது எடை பாதியாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த முனையை ராமையா அண்ணன் பிடித்திருந்தார்.